பீமுக்குக் கீழே ஒரு ஜன்னல்: கொல்லிமலைக்கு ஓர் அவசரப் பயணம்

கொல்லிமலைக்கு எல்லோரும் சுற்றிப் பார்க்கத்தான் போவார்கள். போன மாதம் நான் போனதற்குக் காரணம், ஒரு வாட்ஸ்அப் படம். மலைமேல் குண்டூர் நாடு என்ற பகுதியில் மிளகு விவசாயம் செய்யும் சின்ராசு, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட மாடி எடுத்துக் கட்டியிருந்தார். வரைபடம் போட்ட இன்ஜினியர் நான். ‘வியூ எப்படிங்க மேடம்?’ என்று அவர் அனுப்பிய படத்தில் பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஜன்னல் இருந்த இடத்தில் நான் போட்டிருந்தது கெட்டிச் சுவர். மாடியைத் தாங்கும் பீமின் முனை அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது!

ஃபோன் செய்தால் டவர் இல்லை. நாமக்கல்லில் காலை 6.30 பஸ்ஸைப் பிடித்தேன். செம்மேடு வரை சுமார் 55 கி.மீ., இரண்டரை மணி நேரம் ஆனது. காரவள்ளி தாண்டியதும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முன் இருக்கைக்காரர் ஒவ்வொரு வளைவையும் வீடியோ எடுத்தார். எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது.

செம்மேட்டிலிருந்து ஆட்டோ, 250 ரூபாய். “ஏனுங்க, அருவிக்குங்களா?” என்றார் டிரைவர். “இல்லீங்க, ஒரு சுவரைப் பாக்க” என்றேன். திரும்பி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சின்ராசு வீட்டில் நேரே அந்த ஜன்னலுக்குத்தான் போனேன். பீம் மாடியின் எடையைச் சுவரில் உள்ளங்கை அகல இடத்தில் இறக்கிவிடும். அதனால்தான் முனைக்கு அடியில் கான்கிரீட் கட்டை வைத்து எடையைப் பரப்புகிறோம். கட்டையை ஒழுங்காகத்தான் வைத்திருந்தார்கள். பரவிய எடை இறங்க, கீழே சுவர் வேண்டுமே! பாதிக் கட்டை ஜன்னலுக்கு மேல் நின்றது. மீதிப் பாதிக்கு அடியில் ஒரு விரிசல் செங்குத்தாக இறங்கியிருந்தது. என் நகம் உள்ளே போனது. மாடியில் மிளகு மூட்டைகள். கீழே, அதே பீமில் கட்டிய சேலைத் தொட்டிலில் சின்ராசுவின் நாலு மாதக் குழந்தை.

“வர்றவீங்க எல்லாம் வியூ இருக்குதான்னுதானுங்க கேக்கறாங்க. மத்தியானம் எட்டுப் பேர் வாராங்க மேடம். பூச்சு வெடிக்கறது சகஜந்தானுங்களே?” என்றார் சின்ராசு. தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை.

அவர் மனைவி மல்லிகா தாளைப் பார்க்கவே இல்லை. “ஏனுங்க மேடம், நீங்க இதுக்கடியில படுப்பீங்களா?”

“மாட்டேனுங்க.”

“வா சாமி” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மல்லிகா வெளியே போய்விட்டார். “வர்றவீங்களுக்கு நான் என்னங்க பதில் சொல்லறது?” என்று சின்ராசு என்மேல் எரிந்து விழுந்தார். ஆனாலும் அவர்களை வர வேண்டாமென்று சொல்ல ஃபோனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போனார். மூட்டைகளையும் இறக்கினார். செம்மேட்டிலிருந்து இரும்பு முட்டுகள் வந்து பீமைத் தாங்கிய பிறகுதான் நான் கிளம்பினேன்.

போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு மலை ஏறாதீர்கள். தங்கும் இடத்தில் பாத்ரூமைப் பார்க்கும் முன் பீமின் முனையைப் பாருங்கள். அதற்கடியில் ஜன்னலும் செங்குத்து விரிசலும் சேர்ந்து இருந்தால் கூச்சப்படாமல் வேறு அறை கேளுங்கள்.

அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. சின்ராசு இன்னும் என்னோடு பேசுவதில்லை. பாப்பா குப்புறக் கவிழ ஆரம்பித்துவிட்டாளாம், மல்லிகா சொன்னார்.