மாமி வீட்டுத் தோல்

என் மகளுக்கு ஆறு வயது. அதில் பாதிக்கு மேலான காலத்தை அவள் சொறிந்தே கழித்திருக்கிறாள். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து என்று எக்ஸிமா அவளோடு சேர்ந்து வளர்ந்தது. நான் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. தோல் டொக்டர் சொன்னபடி இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் களிம்பு பூசுவேன். சிவந்த இடங்களுக்கு ஸ்டீரொய்ட் கிரீம் தனி. நகங்களை ஒட்ட வெட்டி, படுக்கும்போது கைகளுக்குக் காலுறை மாட்டிவிடுவேன். "சொறியாதை" என்ற சொல்லை நான் சொன்ன அளவுக்குச் சாமி பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு மோட்சம் நிச்சயம்.

டொக்டர் சொல்லாத வைத்தியமும் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில், "உது கிரந்தி, பிள்ளை. சாப்பாட்டிலை கவனமாயிரு," என்றார். எங்கள் ஆட்களுக்குத் தோலில் என்ன வந்தாலும் அது சாப்பாட்டால் வந்த கிரந்திதான்; முதலில் பழி நண்டின் மேலும் கத்தரிக்காயின் மேலும்தான் விழும். அன்றோடு எங்கள் வீட்டில் நண்டு நின்றது. இறால், தக்காளி, அன்னாசி எல்லாம் நின்றன. ஒவ்வாமைப் பரிசோதனை செய்து பார்த்த டொக்டர், எதையும் கொடுக்கலாம் என்றார். அவருக்குக் கிரந்தியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். நண்டுக்கறி என்றால் உயிரை விடுகிற என் கணவரும் வாயைக் கட்டிக்கொண்டு பருப்பும் முருங்கைக்காயும் சாப்பிட்டார்.

இவ்வளவுக்கும் தோல் அசையவில்லை.

போன கோடை விடுமுறையில், பக்கத்து நகரமான மிசிசாகாவில் இருக்கும் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, என் மகளுக்கு மாமி, பிள்ளையை இரண்டு கிழமை தன்னிடம் விடச் சொன்னார். எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. மச்சாளின் மகள் என் மகளைவிட மூத்தவள். அந்த அக்கா என்றால் இவளுக்கு உயிர். கிரீம்களைப் பையில் வைத்து, பூசும் விதத்தை மச்சாளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

சில நாள் கழித்து வீடியோவில் பார்த்தேன். பிள்ளை சாப்பாட்டு மேசையில் முதுகை நிமிர்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேலேயே அமர்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படம் எடுக்க இருத்தியதுபோல. என் வீட்டில் அவள் ஒரு நிமிடம் அப்படி இருந்ததில்லை.

"பாரும், என்ன மாதிரி குழப்படி இல்லாமல் இருக்கிறா எண்டு," என்றார் மச்சாள். "இஞ்சை வந்து சொறியிறதே இல்லை. கழுத்தைப் பாரும், எப்பிடி ஆறியிருக்கு."

கழுத்து ஆறித்தான் இருந்தது. பெற்றவள் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன செல்லம் சாப்பிட்டனீங்கள்?"

"நண்டுக்கறி. சோ யம்மி, அம்மா."

மச்சாளுக்கு எல்லாம் அப்படித்தான். அவர் வடித்தால் சோறு பூவாக விரியும். அவருடைய கறிவேப்பிலை மரம் பனி கொட்டும் மாதத்திலும் வீட்டுக்குள் தளிர் விடும். என்னுடையது இரண்டு தடவை பட்டுப்போனது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தோல் என் தோல். நான் பெற்று, நான் பூசி, நான் கண் விழித்துப் பார்த்தது. அது எப்படி நண்டைத் தின்றுவிட்டு அவர் கைக்கு அடங்கும்?

"அக்கான்ரை கை ராசியான கை," என்றார் என் கணவர்.

"அப்ப அந்தக் கையாலையே சமைப்பிச்சுச் சாப்பிடுங்கோ," என்றேன். அன்று அவர் பாணும் ஜாமும் சாப்பிட்டார்.

மச்சாள் ஏதோ ஒன்றை என்னிடம் மறைக்கிறார் என்று முடிவு செய்தேன். இரண்டு கிழமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையைக் கூட்டிவர நானும் கணவரும் போனபோது, முகம் கழுவும் சாட்டில் அவருடைய குளியலறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். என்ன சோப், என்ன எண்ணெய் என்று அலுமாரியைத் திறந்தேன். நான் கொடுத்துவிட்ட அதே கிரீம்கள் நான் கட்டிக்கொடுத்த பையிலேயே இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மருந்து ஒன்றேதான் என்றால், பிழை என் கையில் என்றல்லவா ஆகிவிடும்.

சாப்பாட்டு மேசையில் மச்சாள் மெதுவாகத் தொடங்கினார். "நான் ஒண்டு சொன்னா நீர் கோவிக்கக் கூடாது. உமக்கும் வேலை. செப்டெம்பரிலை இவவை இஞ்சை பள்ளிக்கூடத்திலை சேர்ப்பம். தோல் நல்லா ஆறுமட்டும் என்னட்டை இருக்கட்டும். சனி, ஞாயிறு வந்து கூட்டிக்கொண்டு போங்கோவன்."

கணவர் மறுப்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நண்டுக் கோதை உடைத்தபடி, "யோசிப்பம் அக்கா," என்றார்.

மாட்டேன் என்று சொன்னால், பிள்ளையின் சுகத்தைவிடப் பொறாமைதான் பெரிதென்று ஆகும். ஓம் என்று சொன்னால் பிள்ளை போய்விடுவாள். நான் மகளிடமே கேட்டேன்.

"மாமியோடை இருக்கப் போறீங்களா செல்லம்?"

கைகளின் மேல் அமர்ந்திருந்த பிள்ளை மாமியின் முகத்தைப் பார்த்தாள். "ஓகே," என்றாள். மச்சாளுக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டது என்னவென்று எனக்குத் தெரியாது.

புறப்பட்டோம். மச்சாள் வாசலில் நின்று கைகாட்டினார். கார் அந்த வீதியைத் தாண்டித் திரும்பியதும் பின் சீற்றிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, இப்ப சொறியலாமா?"

எனக்கு விளங்கவில்லை. "என்ன செல்லம்?"

"மாமி வீட்டிலை சொறியேல்லை. மாமி எல்லாருக்கும் போன் பண்ணி ஷீ'ஸ் சோ குட் எண்டு சொன்னவா. நான் சொறிஞ்சா மாமி ஸாட் ஆயிடுவா. அதுதான் கைக்கு மேலை இருந்தனான். கை விறைச்சுப் போகும், அம்மா."

"அப்ப ஏன் அங்கை இருக்கிறன் எண்டு சொன்னீங்கள்?"

"மாமி கேட்டவாதானே."

"எங்கடை வீட்டிலை நான் சொறியாதை எண்டு கத்தினாலும் சொறியிறீங்களே?"

"நீங்கள் அம்மாதானே," என்றாள். பிறகு கழுத்தில் கையை வைத்தாள். வறட்டு வறட்டென்று கேட்ட அந்தச் சத்தத்துக்கு நான் வழக்கமாகக் கத்துவேன். அன்று வாய் திறக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டையும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சமாளித்தேன்.

கொஞ்சத் தூரம் போனபின் கணவர், "அக்காவுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு நாங்கள் இருக்கிற ரூஜிலையே பள்ளிக்கூடம் இருக்கு எண்டு சொல்லுங்கோ."

வீடு வந்து சேர்ந்தபோது கழுத்து பழையபடி சிவந்திருந்தது. இளஞ்சூட்டில் தண்ணீர் திறந்துவிட்டு, களிம்பை எடுத்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நண்டு வாங்கினேன். தின்றும் தோல் ஆறியதே, இனி என்ன கிரந்தி? மச்சாள் வைத்ததைவிட ஒரு படி மேலே வர வேண்டும் என்று முருங்கை இலை போட்டு, தேங்காய்ப்பால் தாராளமாக விட்டுச் சமைத்தேன். கணவர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். மகள் ஒரு கையால் நண்டுக்காலைக் கடித்துக்கொண்டு, மற்றக் கையால் முழங்கால் மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"எப்பிடியிருக்கு செல்லம்?" என்று கேட்டேன்.

"மாமின்ரை கறிதான் கூட நல்லம்," என்றாள்.