அடியெடுத்துக் கொடுத்தவர்

நீவெஸ் வேகவைத்த பரங்கிக்காயைச் சல்லடையில் போட்டு மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நார் தப்பினாலும் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். விழுந்த விழுதைக் கரண்டியில் அள்ளிச் சாய்த்துப் பார்த்தாள். ஒழுகவும் கூடாது, கட்டியாக விழவும் கூடாது. மெதுவாக நழுவ வேண்டும். நழுவியது. கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து மூடினாள். ஒன்பது நாளாக இப்படித்தான் செய்கிறாள். ஒன்பது நாளாக முக்கால் கிண்ணம் குப்பைக்குப் போகிறது.

பக்கத்து அறையில் படுத்திருந்தவள் ஒந்தினா. வயது எண்பத்து நான்கு. இரண்டு வருஷம் முன்பு வந்த இரண்டாவது பக்கவாதத்தில் பேச்சு போயிற்று, மகனின் முகம் போயிற்று, பசி என்ற நினைப்பே போயிற்று. நீவெஸ் மூன்று வருஷமாக அவளைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன் இருபது வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை.

ஒந்தினாவைப் பேர்பெற்ற பாடகி என்று வெனிஸில் யாரும் சொல்ல மாட்டார்கள். பெல்லெஸ்த்ரீனா தீவில் வலை பின்னுகிறவரின் மகள். ஓபெரா மேடையில் இருபது வருஷம் இரண்டாம் வேஷங்கள் பாடியவள்: தோழி, தூதன், இளவரசனின் தம்பி. முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஓபெராக்களில் இளைஞர் வேஷமெல்லாம் காயடிக்கப்பட்ட ஆண்களுக்காக எழுதியது. அந்தக் குரல்கள் இப்போது உலகத்தில் இல்லை. அதனால் ஒந்தினா மாதிரிப் பெண்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு பாடினார்கள். 1969இல், ‘ரோஸில்தா’ என்ற ஓபெராவில் முதல் வேஷக்காரி காய்ச்சலில் விழ, தெர்மீரோ இளவரசனாக ஐந்து நாள் நின்றவள் ஒந்தினா. அதில் ஒருநாள் பாடியதைத் தியேட்டரிலேயே பதிவு செய்து மூன்று இசைத்தட்டுகளாக வெளியிட்டார்கள். அவள் வாழ்க்கையில் முதல் வேஷம் அது ஒன்றுதான். பதிவும் அது ஒன்றுதான். எண்பதுகளில் மேடையை விட்டுவிட்டுத் துணிக்கடையில் படுக்கை விரிப்பு விற்றாள். ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும், “கால் வலி” என்று முடித்துக்கொள்வாள்.

அந்த இரண்டாவது பக்கவாதம் வந்த புதிதில் அவள் வாயைத் திறக்க வைக்க நீவெஸ் படாத பாடு பட்டாள். கன்னத்தைத் தட்டினாள், உதட்டில் தேன் தொட்டாள். ஒருநாள் சும்மா இருக்கட்டும் என்று அந்தப் பழைய தட்டுகளைச் சுழலவிட்டாள். நான்காம் பக்கத்தில், இளவரசன் சிறையில் தன் நிழலோடு பேசும் பாட்டு வந்ததும் ஒந்தினாவின் வாய் தானே திறந்தது. கரண்டி உள்ளே போனது. விழுங்கினாள். அடுத்த வரிக்கு மறுபடி திறந்தாள். நான்காம் பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். ஒரு கிண்ணம் சரியாக முடியும். அன்றிலிருந்து வேளைக்கு ஒரு தடவை நான்காம் பக்கம் என்று வீடு நடந்தது. தட்டில் கரகரப்பு, இருமல், போதாததற்கு எவனோ ஒருவன் பாட்டுக்கு முன்னால் முந்திக்கொண்டு முணுமுணுப்பது வேறு. சபையில் உட்கார்ந்து பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாகரிகமில்லாத ஆள் என்று நீவெஸ் நினைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவர்கள் எல்லாத் தியேட்டரிலும் உண்டு.

மகன் ஃபுல்வியோவுக்கு ஒரே ஓபெராவின் பல பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உசத்தி எது மட்டம் என்று வானொலியில் சொல்வதுதான் தொழில். அதனால் நீவெஸுக்கு அவர் ‘புரொபசர்’. ‘ரோஸில்தா’வுக்கு நான்கு பதிவுகள் உண்டு. அம்மாவுடையதுக்கு அவர் எப்போதும் கடைசி இடம்தான் கொடுத்தார். பெற்ற தாய் என்று ஒரு மார்க்கும் கூட்டிப் போடவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், ஒரு கம்பெனியைப் பிடித்து அதைச் சுத்தம் செய்து புதிய சிடியாக வெளியிட வைத்தார். பத்து நாள் முன்பு அதைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு, கீறல் விழுந்த பழைய தட்டுகளை மறுநாள் காலையில் குப்பைப் படகுக்காரனிடம் கொடுத்துவிட்டு மிலானுக்கு ரயில் ஏறினார்.

அன்று மத்தியானமே ஒந்தினாவின் வாய் மூடிக்கொண்டது.

முதல் நாள் மலச்சிக்கல் என்று நீவெஸ் நினைத்தாள். இரண்டாம் நாள் வாய்ப்புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஃபுல்வியோவுக்கு போன் செய்தாள். “வேலை முடிஞ்சதும் வந்துடறேன், கொஞ்சம் கெஞ்சிக் கொடு” என்றார். மாவட்ட நர்ஸ் வந்து தொடையில் தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றினாள். எட்டாம் நாள் டாக்டர் பெல்லாதோ அம்மாள் வந்து, திங்கட்கிழமைக்குள் வாய்வழியாக இறங்காவிட்டால் வயிற்றில் குழாய் வைக்கலாம், மகன் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை வைத்துவிட்டுப் போனாள். அலமாரி இழுப்பறையில் இன்னொரு தாள் இருந்தது. ஆறு வருஷம் முன்பு ஒந்தினா தன் கையால் எழுதியது: எனக்குக் குழாய் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுல்வியோ வந்து சேர்ந்தார். டாக்டர் வைத்துவிட்டுப் போன தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவரை நீவெஸ் தடுத்தாள்.

“அதுக்கு நாளைக்குக் காலைவரைக்கும் நேரம் இருக்கு, புரொபசர். அம்மா எழுதிவச்சதைப் படிச்சீங்களா?”

“படிச்சேன். அதுக்காக? பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா?”

“பட்டினி போடறது நான் இல்ல. அந்தத் தட்டு போனதிலேர்ந்து சாப்பிடல.”

“அதே பாட்டுதானே! அதே குரல்தானே! இன்னும் தெளிவா கேட்குது.”

“தெளிவா கேட்குது, வாய் திறக்கல. உங்ககிட்டதான் நாலு இருக்கே, எல்லாத்தையும் போடுங்க. எது திறக்கவைக்குதுன்னு பார்ப்போம். இதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?”

ஐம்பத்தெட்டாம் வருஷத்து வானொலிப் பதிவை முதலில் போட்டார். இளவரசனாகப் பாடியது கட்டைக்குரல் ஆண். ஒந்தினா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“மாடு கத்தற மாதிரி இருக்கு” என்றாள் நீவெஸ்.

“உலகத்திலேயே ‘ரோஸில்தா’வோட முதல் பதிவு அது.”

“முதல் மாடு, சரி. அடுத்தது.”

அடுத்தது தொண்ணூறுகளில் வந்தது. பழைய காலத்து நரம்புக் கருவிகள், பெண் சுருதியில் பாடும் ஆண். பல்லவியைத் திரும்பப் பாடும்போது வளைவும் நெளிவும் சேர்த்துத் தேனாக ஊற்றினான். முதலிடம் இதற்குத்தான் என்று ஃபுல்வியோ முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். ஒந்தினா ஒரு கொட்டாவி விட்டாள். நீவெஸ் கரண்டியோடு பாய்ந்தாள். அதற்குள் வாய் மூடிவிட்டது.

மூன்றாவது, மேடைக்காட்சியோடு எடுத்த வீடியோ. டைரக்டர் சிறையை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார். இளவரசனைச் சக்கர நாற்காலியில் வைத்து ஒரு நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“பிரேக் போடாம விட்டுட்டுப் போறா பாருங்க. என்கிட்ட வேலை பார்த்திருந்தா அன்னிக்கே அனுப்பியிருப்பேன்.”

ஃபுல்வியோ கடைசியாக அம்மாவின் புதிய சிடியைப் போட்டார்.

முப்பது வயது ஒந்தினா பாட ஆரம்பித்தாள். கட்டிலில் கிடந்த ஒந்தினா கண்ணைத் திறந்தாள். நீவெஸ் இந்தத் தடவை வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் ஒலிபெருக்கி பக்கம் போகவில்லை. கால்மாட்டில், தரையை ஒட்டி எதையோ தேடியது. வரிக்கு வரி தேடியது. தாடை லேசாக நடுங்கி நின்றது.

“நிறுத்துங்க. அங்க கீழே யாரைத் தேடறாங்க?”

“அங்க யாரும் இல்லையே.”

“மேடையில பாடறப்போ அந்த இடத்துல யார் இருப்பா? முன்னாடி, கீழ, நடுவுல?”

ஃபுல்வியோ கால்மாட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு, “அன்செல்மோ” என்றார்.

மேடை விளிம்பில் ஒரு பொந்து. அதில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பவர். அன்றைக்கு, அதாவது அந்தப் பதிவு நடந்த அன்று, சிறைப் பாட்டில் ஒந்தினாவுக்கு வார்த்தை மொத்தமும் மறந்துபோயிற்று. அன்செல்மோதான் முதலிலிருந்து கடைசிவரை ஊட்டினார். அதன் பிறகு அவர் குரல் காதில் விழாமல் அவளால் வாயே திறக்க முடியவில்லை. புதிய காலத்து ஆட்கள் வந்து பொந்தைப் பலகை போட்டு மூடியபோது அவள் மேடையை விட்டாள். அன்செல்மோ செத்து இருபது வருஷம் ஆகிறது.

“அந்த முணுமுணுப்பு ஆசாமியா?” என்றாள் நீவெஸ். “யாரோ டிக்கெட் வாங்கி வந்த கிறுக்கன்னுல்ல நினைச்சேன்.”

“வாத்தியார் படிக்க, பசங்க திருப்பிச் சொல்ற மாதிரி இருக்குன்னு ரேடியோவுல கேலி பண்ணியிருக்கேன். அந்தக் குரலை எடுத்துடுங்கன்னு கம்பெனிக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு இடத்தையும் நிமிஷம், செகண்ட் போட்டு.” அவர் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். “அம்மா அதைக் கேட்டுத்தான் சாப்பிடறாங்கன்னு நீ சொல்லவே இல்லையே.”

“பாட்டைக் கேட்டுச் சாப்பிடறாங்கன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்க ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சப்புறம்தானே வருவீங்க.”

ஃபுல்வியோ தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். பொலோன்யாவில் ஒருவரிடம் பழைய தட்டு இருந்தது. புதன்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். புதன்கிழமை ரொம்பத் தூரம்.

நீவெஸ் சமையலறையிலிருந்து காலை வைத்து ஏறும் குட்டை ஸ்டூலைக் கொண்டுவந்து கால்மாட்டில் போட்டாள். “உட்காருங்க. உங்களுக்குத்தான் எல்லா வரியும் தலைகீழா தெரியுமே.”

அறுபது வயது ஆள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். நீவெஸ் கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, ஒந்தினாவின் முகவாயை மார்புப்பக்கம் தாழ்த்தி, துண்டு கட்டினாள். சிடி ஓடியது.

“நிழலே, நீயாவது நில்...” ஃபுல்வியோ கண் கலங்க, பாட்டோடு சேர்ந்து இழுத்தார்.

வாய் திறக்கவில்லை.

“கூடச் சேர்ந்து பாடாதீங்க. முன்னாடி சொல்லுங்க. அந்த ஆளு அழுதானா? ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு சொல்ற மாதிரில்ல சொல்லுவான்!”

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை அரை மூச்சு முந்தி, வறட்டுக் குரலில்: “நிழலே, நீயாவது.”

ஒந்தினாவின் கண் கீழே போய் அவர் முகத்தில் நின்றது. வாய் திறந்தது.

நீவெஸ் கரண்டியை வைத்தாள். தொண்டைமேடு ஏறி இறங்கியது. “அடுத்தது” என்றாள். இரண்டு, மூன்று, நான்கு.  ஃபுல்வியோ முந்துவதை விடவில்லை. ஏழாவது கரண்டிக்கும் வாய் திறந்தது. தொண்டைமேடு அசையவில்லை. நீவெஸ் காத்திருந்தாள். இரண்டு வரி போயிற்று. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். ஒந்தினாவின் மூச்சில் ஈரமான கொழகொழ சத்தம் கேட்டது.

“நிறுத்துங்க” என்று சொல்லி, விரலில் துணியைச் சுற்றி, நாக்கின் மேல் கிடந்ததை வழித்து எடுத்தாள். ஒருக்களிக்க வைத்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். இருமல் வரச் சிரமப்பட்டது. கொஞ்சம் வந்தது. நீவெஸ் துண்டை அவிழ்த்தாள்.

“ஏன்? திறக்கறாங்களே! இதோ பாரு, இன்னும் திறந்து வச்சிருக்காங்க!”

“வாய் திறக்குது. விழுங்க மாட்டேங்குது. இதுக்கு மேல கொடுத்தா நுரையீரலுக்குத்தான் போகும். ஒன்பது நாள்ல தொண்டைத் தசை சோர்ந்துபோச்சு. இந்த வயசுல போனது திரும்பி வராது.”

“என்னாலயா?”

ஆறுதல் சொல்வது நீவெஸுக்குப் பழக்கமில்லை. “பாதி உங்களால. பாதி என்னால. ரெண்டு வருஷமா நான் வாயைத்தான் பார்த்தேன், கண்ணு எங்க போகுதுன்னு பார்க்கல. நாம ரெண்டு பேரும் தப்பு பண்ணாம இருந்திருந்தாலும் இன்னும் ஒரு குளிர்காலம் தாண்டியிருப்பாங்க, அவ்வளவுதான்.”

ஃபுல்வியோ ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. “குழாய் வச்சா?”

“கொஞ்ச மாசம் ஓடும். வெறும் உடம்பு. பிடுங்கிப் போடாம இருக்கக் கையைக் கட்டி வைப்பாங்க. நான் நிறையப் பார்த்திருக்கேன். முடிவு நீங்கதான் எடுக்கணும். இல்ல, அவங்க ஏற்கெனவே எடுத்துட்டாங்க.”

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு டாக்டர் பெல்லாதோ அம்மாள் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். ஃபுல்வியோ குழாய்த் தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். கூடவே அம்மா எழுதிய தாளையும் கொடுத்தார். டாக்டர் அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மருந்துச் சீட்டு எழுதினாள்.

அவள் இறங்கிப் போனதும் நீவெஸ் விரிப்பை மாற்றினாள், முதுகைத் துடைத்தாள், குச்சியில் சுற்றிய பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். ஃபுல்வியோ சிடியைப் போடவில்லை. கால்மாட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில் சொன்னார்:

“நிழலே, நீயாவது.”

வாய் திறந்தது. நீவெஸ் நாக்கையும் ஈறையும் துடைத்து உதட்டில் வாசலின் தடவினாள். பிறகு சமையலறைக்குப் போய், மிஞ்சிய பரங்கிக்காய் விழுதில் தனக்கும் அவருக்குமாக அரிசி போட்டு அடுப்பில் ஏற்றினாள்.