காசிநாதனின் இடப்பக்கம்

கல்லங்குறிச்சியில் காசிநாதனைத் தெரியாதவர்கள் இல்லை, மதிக்கிறவர்கள்தான் இல்லை. அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அரியலூர் டீக்கடைகளில் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லியே அறுபதைத் தாண்டியவர். அவர் பேச்சில் முக்கால்வாசி பொய் என்பது மனைவி ஜெயலட்சுமிக்குக் கல்யாணமான மாதமே தெரிந்துவிட்டது.

ஒருநாள் தலைவலி என்று படுத்து எழுந்தவர், வாசலில் கட்டியிருந்த ஆட்டை மிதித்தார். இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் வலப்பக்கத்தை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு அதட்டினார்.

“கறி எங்கடி?”

“இடது பக்கம் கெடக்கு பாருங்க.”

“அந்தப் பக்கம் கண்ணு தெரியலடி.”

வேலை என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும் மனிதர், இப்போது கண்ணாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். “அண்ணன் நடிக்கிறாரு அண்ணி,” என்றான் கொழுந்தன் அழகேசன். பெரம்பலூர் கண் டாக்டரும் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன, எதற்கும் தலையை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் ஜெயலட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

திருச்சியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சிவரஞ்சனிதான் விளங்கச் சொன்னார். “கண்ணு ஒழுங்காத்தான் அனுப்புதும்மா. அத வாங்கிப் பாக்குற எடம் மூளைல, பின்மண்டையில இருக்கு. அங்க வலப்பக்கம் ரத்தக்கொழா அடச்சுப்போச்சு. அதான் ரெண்டு கண்ணாலயும் இடப்பக்கம் தெரியல. அவரே தலையத் திருப்பிப் பாத்துப் பழகணும். வண்டி ஓட்டவே கூடாது.”

ஜெயலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஆயுசில் ஒரு தடவை மனுஷன் உண்மை பேசியிருக்கிறார், அதை அவளும் நம்பவில்லை. பிறகு சாப்பாட்டில் அவளே தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

அந்த இரக்கத்தை அவர் ஒரு வாரம்கூட விட்டுவைக்கவில்லை. “என் மூளை மாதிரி லட்சத்துல ஒருத்தனுக்குத்தான்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க,” என்று டீக்கடையில் அளந்தார். தலையைத் திருப்பிப் பாருங்கள் என்றால், “மண்டைய ஆட்டிக்கிட்டுத் திரிய நான் என்ன பூம்பூம் மாடா?” என்றார். ஒரு காலை மொபெட்டையும் எடுத்தார்.

“லாரி ஓடுற ரோடு, வேணாங்க.”

“போடி, எனக்குத் தெரியாத ரோடா?”

ரெட்டிபாளையம் ரோட்டில் இடதுபுற மதகுச் சுவரில் முட்டி, வாய்க்காலில் விழுந்து கால் முறிந்தது. தூக்கிவிட்டவர்கள் ரோடு காலியாகக் கிடந்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த தம்பியிடமோ, சிமெண்ட் லாரிக்காரன் ரோட்டோரமாக அணைத்துத் தள்ளிவிட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்கு இடப்பக்கம் இளநீரோடு வந்து நின்றாள் ஜெயலட்சுமி.

“இவ எங்க போய்த் தொலைஞ்சா பாரு,” என்றார் அவர் தம்பியிடம். “ஒரு வாய் தண்ணி குடுக்க நாதியில்ல.”

கொஞ்சம் தலையைத் திருப்பினால் போதும். அவர் திருப்பவில்லை. அழகேசன் அண்ணியைப் பார்த்தான். அவள் ஸ்ட்ராவைத் தன் வாயில் வைத்து, நிதானமாக இளநீரைக் குடிக்க ஆரம்பித்தாள்.