ஆள் ஏற்றிப் பார்த்த அலைன்மென்ட்

வீல் அலைன்மென்ட் கடைக்காரருக்குத் தெருவில் 'நேர்கோடு' என்று பெயர். மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோதுகூட அவர் முகத்தைப் பார்க்குமுன் அவர் காரின் டயரைத்தான் பார்த்தார் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த மாப்பிள்ளை இப்போது குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியிருந்தார். "பதுங்குற பூனை மாதிரி இருக்குல்ல மாமா?"

பூனை அழகுதான். ஆனால் தாழ்ந்ததும் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்துவிட்டது; டயரின் உள்ளோரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்தது. சாலையில் சக்கரத் தடப் பள்ளம் இருந்தால் ஸ்டீயரிங் அதன் பின்னாலேயே ஓடியது. நேர்கோடு அதைச் சரிசெய்து, தனியாக ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் போனது.

குடும்பத்தோடு கிளம்பியபோது முதல் வளைவிலேயே வண்டி வாலை ஆட்டியது. பாதி வழியில் கடைக்கே திரும்பினார்கள்.

"அப்பா, பழைய ஸ்பிரிங்கையே போடுங்க. இல்லன்னா நான் இதுல ஏறவே மாட்டேன்" என்றாள் மகள். மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. ஆசையாகச் செய்த வண்டி.

பின்சீட்டிலிருந்து மனைவி இறங்கியதும் காரின் பின்பக்கம் எழும்பியதை நேர்கோடு கண்டுவிட்டார்.

"ஏறு!"

"இப்பதானே இறங்கினேன்?"

"ஏறும்மா... இப்ப இறங்கு."

"என்னை வச்சு எடை பாக்குறீங்களா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "காலி வண்டிய அளந்திருக்கேன் மாப்ள! ஆள் ஏறினா இன்னும் உக்காருது, சக்கரம் இன்னும் சாயுது. என் புத்தி எங்க போச்சு? பின்பக்கத்த மட்டும் ஒரு விரல் உயர்த்திக்கலாமா?"

மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "ஒரே விரல்தானே மாமா?"

உயர்த்தியபின் எல்லாரையும் அவரவர் இடத்தில் உட்கார வைத்தார். தம் எடைக்கு ஈடாகத் தம் இடத்தில் டூல்பாக்ஸை வைத்தார்.

"அதுவாவது வழியில வாய் பேசாம வரும்" என்றாள் மனைவி.

"அசையாதே, அளக்கறேன்."

அன்று மாலை அதே வளைவில் வண்டி ஆட்டமே இல்லாமல் போனது. நேர்கோடு ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். மகள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா மாப்ள" என்றாள் மனைவி, "நான் உக்காந்ததாலதான் நேரா போகுது."