திரும்பிப் பார்க்கக் கூடாதாம்

பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவன் என்பது என் பூப்போட்ட சட்டையிலேயே தெரிகிறது போலிருக்கிறது. காரைக்காலிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுத் திருநள்ளாற்றில் இறங்கியதிலிருந்து எண்ணெய்க்காரன் ஒருவன் என்னை விடுவதாயில்லை. குளத்துப் படியில் உட்காரவைத்து நல்லெண்ணெயைத் தலையில் கொட்டுகிறான். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், புது வேட்டி என்று ஒன்றையும் காசு வாங்கிக்கொண்டு என் தலையில் கட்டுகிறான்.

"போட்டிருக்கிற துணியைத் தண்ணியிலயே விட்டுட்டு, திரும்பிப் பாக்காம ஏறி வாங்க சார். பாத்தீங்கன்னா சனி கூடவே வந்துரும்."

முழுகுகிறேன். சட்டை பேண்டை விட்டுவிட்டுக் கரையேறி வேட்டியைச் சுற்றினால், மடிப்புக்குள் ஈரம். நல்லெண்ணெய் வாடை வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. திரும்புகிறேன். குளத்துக்குள் நின்று அவன் என் சட்டையைப் பிழிந்துகொண்டிருக்கிறான்.

"யோவ், இந்த வேட்டியும் எவனோ குளத்துல விட்டுட்டுப் போனதுதானேய்யா?"

"அடடா, திரும்பிப் பாத்துட்டீங்களே சார்! மறுபடி முழுகணும். எண்ணெய் ஊத்தவா?"

எவனுடைய சனியோ இப்போது என் இடுப்பில். அவிழ்த்து அவன் மூஞ்சியில் வீசலாமென்று கை போகிறது. மாற்றுத்துணியெல்லாம் காரைக்கால் லாட்ஜில் இருக்கிறது.