சார்ஜன்ட் குனிந்த சனிக்கிழமை

கண்டி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில், சனிக்கிழமை காலைகளில் அம்பிட்டியவிலிருந்து பஸ் பிடித்து டவுனிலிருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். அங்கே மாணவிகளுக்கு இராணுவ முறையில் பயிற்சி தரும் கெடட் அணி ஒன்று இருந்தது. வருடாந்த முகாமுக்கு அணிநடை பழகத் தொடங்கினாலே பிள்ளைகள் முழங்கால் நோவு, இடுப்பு நோவு என்று ஒவ்வொருவராக ஒதுங்கிவிடுவார்கள். ஏதாவது செய்ய முடியுமா என்று அதிபர் என்னிடம் கேட்டிருந்தார்.

அணியைப் பழக்கியவர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார்ஜன்ட். அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். நரைத்த தாடியை ஒட்ட வெட்டி, சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் வருவார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தேத்தண்ணீர் குடிப்பதும் நின்றபடிதான்.

முதல் நாள் பிள்ளைகளை வெறுங்காலோடு நடக்கச் சொல்லிப் பார்த்தேன். பலருக்கு முழங்கால்கள் உள்ளே சாய்ந்தன. பாதங்கள் தட்டையாகத் தரையில் ஒட்டின. ‘நெஞ்சை நிமிர்த்து’ என்று கட்டளை வந்ததும் தோளை விட்டுவிட்டு இடுப்பை வளைத்துக்கொண்டு நின்றார்கள். பார்ப்பதற்கு நிமிர்ந்த மாதிரி இருக்கும். பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அந்த வளைவு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

பாயில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, கால் விரல்களால் துவாயைச் சுருட்டுவது, சுவரில் முதுகை ஒட்டிக் கைகளை மெல்ல உயர்த்துவது என்று தொடங்கினேன். சார்ஜன்டுக்கு இது பிடிக்கவில்லை.

“பாயில படுத்துக்கொண்டு எங்கயாச்சும் பட்டாளம் பழகுவாங்களா, மிஸ்?” என்றார்.

அதிபர் சொன்னதற்காக அரை மணித்தியாலம் ஒதுக்கித் தந்தார். அந்த நேரம் முழுவதும் மண்டபத்து வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பாயில் கிடந்தபடி பிள்ளைகள் சிரித்தால் மட்டும் ஒரு கனைப்பு வரும்.

ஒரு சனிக்கிழமை மழை. அணிநடையும் மண்டபத்துக்குள்ளேயே நடந்தது. சார்ஜன்டின் கையிலிருந்த பிரம்பு நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தபடி வரிசையில் நின்றார்கள்.

அணித் தலைவி என்னைப் போலவே ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். கெடட் கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில்தான். யாரும் சொல்லாமலே, பின்னால் திரும்பும் கட்டளையை அவள் கொடுத்தாள். அணி முழுவதும் ஒரே அசைவில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

“மகள், எனக்கு ஏலாம ஈக்கிது.”

“நிமிரப் பாக்காதீங்க சார். என் தோளப் புடிச்சுக்குங்க. மெதுவா எறங்குவோம்.”

அவரைப் பாயில் பக்கவாட்டில் இறக்கி, பிறகு மல்லாக்கத் திருப்பி, கால்கள் இரண்டையும் ஒரு கதிரையின் மேல் தூக்கி வைத்தேன். வலியில் அவரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. உடனே அணித் தலைவி அடுத்த கட்டளை கொடுத்தாள். நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். சப்பாத்துகளின் சத்தத்தில் பலகைத் தரை அதிர்ந்தது. அவருடைய முனகல் பிள்ளைகள் காதில் விழாமலிருக்கத்தான் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

மூச்சை நிதானமாக விடச் சொன்னேன். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக இளகின. சேவையில் இருந்தபோது லொறியிலிருந்து விழுந்ததையும், அன்றிலிருந்து இந்த இடுப்பு நோவு வந்து போவதையும் மெல்லிய குரலில் சொன்னார். தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாராம்.

“ஊட்டுலயும் செல்லல்ல,” என்றார். பிறகு கூரையைப் பார்த்தபடி, “ரெண்டாம் வரிசையில ஒரு புள்ளட எடது கால் பிந்துது,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வலியோடு சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். மறுக்காமல் வந்தார். டாக்டர் பார்த்து, பாரதூரமாக ஒன்றுமில்லை, பயிற்சி செய்யலாம் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை தானே ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் விரித்தார். யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. இடுப்பைத் தூக்கும்போது அவருடைய தொடைகள் வெடவெடவென்று நடுங்கின. பிள்ளைகள் திரும்பவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குவதில் பாய்கள் எல்லாம் குலுங்கின. போகப் போக அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. நான் கேட்கவில்லை, அவரே நீட்டினார்.

அந்த வருட முகாமில் எங்கள் அணிக்குக் கேடயம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கால் நோவென்று ஒரு பிள்ளையும் வரிசையை விட்டு விலகவில்லை. நான் அன்று மைதானத்து ஓரத்தில் நின்றேன். தோள்கள் தம் பாட்டில் நிமிர்ந்திருக்க, இடுப்பு வளையாமல் அவர்கள் கடந்து போனது கண்ணுக்குள் நிற்கிறது.

சில மாதங்கள் கழித்து, முழங்கால் நோவென்று தன் மனைவியை அழைத்துக்கொண்டு சார்ஜன்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த அம்மா ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். விடியற்காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உருள்வதற்குத் தன் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பார்க்க வேண்டுமாம். நான் அந்த அம்மாவின் முழங்காலைப் பார்த்து முடிப்பதற்குள், என்ன பயிற்சி, எப்படிச் செய்ய வேண்டும் என்று சார்ஜன்ட் விளக்கத் தொடங்கிவிட்டார். சொன்னதில் பாதி பிழை. அந்த அம்மா கணவரின் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை.