எழுப்பாதே என்றவர்

எங்கள் அக்கா வீட்டுக்காரர் எழிலன் மாமா, காட்டுமன்னார்கோயில் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அசந்து தூங்குகிற பயணியை இறங்கும் இடம் வந்ததும் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பிவிடுவார். "என் வண்டியில ஒருத்தரும் ஸ்டாப்ப தவறவிட்டது கெடையாது மச்சான்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், அக்கா வினோதினி பிரசவம் முடிந்து பெண் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததும் பூனை மாதிரி நடந்தார். மிக்ஸி போடக் கூடாது, டிவி கூடாது. குழந்தையும் தூங்கிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, பால் குடிச்சு ரொம்ப நேரமாச்சு. எழுப்பட்டுமா?" என்று அக்கா கேட்டால் அடிக்காத குறைதான்.

"தூங்குற புள்ளய எழுப்பலாமா? பசிச்சா அதுவே அழும். எம்பொண்ணு சமத்துடி!"

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதே பாட்டுதான்.

பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் சிந்துஜா வந்தார். குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, நெஞ்சிலும் உள்ளங்காலிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். அழுத்திய இடமெல்லாம் மஞ்சள்.

"ஒண்ணுக்குப் போச்சா?"

"காலையிலேர்ந்து போகலக்கா" என்றாள் அக்கா.

"இது சமத்து இல்லிங்க, சோர்வு. மஞ்சக்காமால ஜாஸ்தியா இருக்கு. அழக்கூடத் தெம்பில்ல. இப்பவே சிதம்பரம் கெளம்புங்க."

ஆஸ்பத்திரியில் குழந்தையின் கண்ணைக் கட்டி, மஞ்சள் இறங்க நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். மாமா வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவ கேட்டுக்கிட்டேதான் இருந்தா மச்சான். நாந்தான் விடல. நான்லாம் ஒரு அப்பனா?"

எனக்கும் ஆத்திரம்தான். நாலு வார்த்தை கேட்க வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பால் கொடுக்கும் நேரம் வந்தது. குழந்தை வாயைத் திறக்கவில்லை.

"உள்ளங்காலச் சுண்டி எழுப்புங்க. தூங்கினாலும் எழுப்பித்தான் குடுக்கணும்" என்றார் டாக்டர் பிரியம்வதா.

அக்கா அப்போதுதான் மாமாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களே சுண்டுங்க."

மாமா குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். மெல்லச் சுண்டினார். குழந்தை அசையவில்லை.

"இன்னும் பலமா" என்றாள் அக்கா.

"எழுந்துரு சாமி, எழுந்துரும்மா" என்று அழுதுகொண்டே மறுபடி சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்து வீலென்று கத்தியது. வார்டே திரும்பிப் பார்த்தது. அக்கா வாரி எடுத்து மார்பில் அணைத்தாள்.

மாமா அந்தக் காலை விடவில்லை. குடிக்கும்போது கண் சொருகினால், ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுண்டினார்.